டெங்கு: அசோசியேஷனிடம் இருக்கும் கொஞ்சப் பணத்தை முதலில் எதற்குச் செலவழிப்பது?

வேளச்சேரிவாசி:
எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். மழை பிடித்ததுமே பி பிளாக்கில் ஒரு பையனுக்கு டெங்கு உறுதியாகிவிட்டது, எதிர்வீட்டு அம்மாவுக்கும் இப்போது காய்ச்சல். வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். புகை அடிக்க வேண்டும் என்கிறார் ஒருவர், காம்பவுண்டு ஓரமாக பிளீச்சிங் பவுடர் என்கிறார் இன்னொருவர், எல்லா ஜன்னலுக்கும் வலை, தினமும் நிலவேம்புக் குடிநீர் என்று பட்டியல் நீள்கிறது. அத்தனைக்கும் பணம் காணாது. செயலாளர் பதவி என் தலையில் விழுந்திருக்கிறது. எதை முதலில் செய்வது, எதை விட்டால் பரவாயில்லை? புகை அடிக்கவில்லை என்றால் கமிட்டி சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று பேச்சு வரும், அது வேறு.

ரிட்டயர்டு ஹெச்.ஐ.:
சார், நான் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். முதல் வேலைக்குப் பணமே வேண்டாம், ஆள்தான் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பிறந்த இடத்தை விட்டு ரொம்ப தூரமும் பறக்காது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நூறு மீட்டருக்குள்தான். அதாவது உங்களைக் கடிக்கிற கொசு உங்கள் காம்பவுண்டிலேயே வளர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், அதனால்தான் வாரம் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்கிறோம்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். கையில் டார்ச்சோடு போங்கள்: ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, மூலையில் போட்ட ஆட்டுக்கல், மணி பிளான்ட் பாட்டில், லிஃப்ட் குழி, மொட்டை மாடியில் யாரோ விட்டுப்போன பெயின்ட் டப்பா. பணத்தை சம்ப்புக்கும் மேல் தொட்டிக்கும் இடுக்கில்லாத மூடி போடச் செலவழியுங்கள் (திறந்த மேல் தொட்டியில் மலேரியா கொசுவும் வளரும், ஒரே செலவில் இரண்டு லாபம்). மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அபேட் மருந்தோடு (தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவைக் கொல்வது) வந்தால் தயவுசெய்து கேட்டைத் திறந்துவிடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் கோடு பார்க்க வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான்.

கார்த்தி_பி3:
அதெல்லாம் சரி சார், ஆனால் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் கொசுவை என்ன செய்வது? பிரஷ் போட்டுத் தேய்த்தால் அது செத்துவிடுமா? புகையே வேண்டாம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

ரிட்டயர்டு ஹெச்.ஐ.:
வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. நோயாளி இருக்கும் வீட்டுக்கு உள்ளேயும் அக்கம்பக்கத்திலும் உடனே அடிக்க வேண்டியதுதான், வார்டு சுகாதார அலுவலகத்தில் சொல்லி அவர்களையே வரவையுங்கள். நீங்கள் பணம் கொடுத்து வாரா வாரம் தெருவில் அடிக்கும் புகையைத்தான் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன். ஏடிஸ் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும், புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாமெல்லாம் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவோம். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கோ புகையால் ஒன்றும் ஆகாது, அடுத்த சில நாளில் புதுக் கொசு வந்துவிடும்.

நர்ஸ் மாலா:
எல்லோரும் கொசுவையே பேசுகிறீர்கள், காய்ச்சல்காரரை விட்டுவிட்டீர்கள். காய்ச்சலின் முதல் நாலைந்து நாள் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அப்போது அவரைக் கடிக்கிற கொசு, 8 முதல் 12 நாள் கழித்து அடுத்தவருக்குப் பரப்ப ஆரம்பிக்கும். ஏடிஸ் பகலில் கடிப்பது, காலையிலும் சாயங்காலமும் அதிகம். அதனால் அந்தப் பையனும் எதிர்வீட்டு அம்மாவும் பகலிலும் வலைக்குள்தான் படுக்க வேண்டும். 48 வீட்டு ஜன்னலுக்கும் வலை வேண்டாம் அண்ணா, நாலைந்து கொசுவலை வாங்கி ஆபீஸ் ரூமில் வையுங்கள், எந்த வீட்டில் காய்ச்சலோ அங்கே போகட்டும், துவைத்துத் திரும்ப வரட்டும்.

இன்னொன்று, காய்ச்சல் விட்டதும் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிவிடாதீர்கள். விடுகிற நேரம்தான் ஆபத்து. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சுருண்டு படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும். நிலவேம்பு குடிக்கிறவர்கள் அவரவர் வீட்டில் குடிக்கட்டும், பொதுப்பணம் அதற்குப் போக வேண்டாம்.

வேளச்சேரிவாசி:
நன்றி. ஞாயிறு காலை பிளாக்குக்கு இரண்டு பேராகக் கிளம்புகிறோம், வலையும் மூடியும் இன்றே வாங்கச் சொல்லிவிட்டேன். சிக்கல் என்னவென்றால் ஏ பிளாக்கில் ஒரு வீடு பூட்டியே கிடக்கிறது, பால்கனி முழுக்கத் தொட்டிச்செடி, ஓனர் போனை எடுப்பதில்லை.

ரிட்டயர்டு ஹெச்.ஐ.:
கொசு வளர விட்டால் நோட்டீஸ் கொடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வார்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்று அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் சாவி வந்துவிடும்.