மாடர்ன் தியேட்டர்ஸ் பழைய படங்கள்: எதை முதல்ல போடலாம், எப்படிப் போடணும்?

அஸ்தம்பட்டி:
மொட்டை மாடியில 6 அடி அகலத் திரை கட்டி, வீட்டுப் பெரியவங்களுக்கு நம்ம சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ எடுத்த படம் ரெண்டு போடணும். எதை முதல்ல போடலாம்? கையில இருக்கிற பிரதியில முகமெல்லாம் அகலமா தெரியுது, பாட்டு கீச்சுன்னு கேக்குது. சரி பண்ண முடியுமா?

திரையடி:
முதல் நாள் ‘மந்திரி குமாரி’ (1950). குண்டலகேசி கதை, கருணாநிதி வசனம், ஜி. ராமநாதன் இசை. ‘வாராய் நீ வாராய்’ன்னு கணவன் மனைவியைக் கொல்ல மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போற இடத்துல அவ்வளவு இனிமையான மெட்டைப் போட்டிருக்காங்க பாருங்க, அதனாலதான் அந்தக் காட்சி இன்னும் உறைக்குது. ரெண்டாவது நாள் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கறுப்பு வெள்ளைக்குப் பிறகு வண்ணம் வந்தாத்தான் அன்னைக்கு மக்கள் அசந்ததன் காரணம் புரியும்.

முகம் அகலமா தெரியறது 4:3 படத்தை (அகலம் 4, உயரம் 3) இப்போதைய அகலத் திரையோட 16:9க்கு இழுத்ததால. பிளேயர்ல விகிதத்தை 4:3ன்னு வைங்க. உங்க 6 அடித் திரையில படம் நாலரை அடி அகலம்தான் வரும், ரெண்டு பக்கமும் கறுப்பு நிக்கட்டும். வண்டிச் சக்கரம் வட்டமா இருந்தா சரி. ஆனா தலையும் காலும் வெட்டுப்பட்ட பிரதின்னா உயரத்துல கால்வாசி போயிடுச்சு, மீட்க முடியாது. வேற பிரதி தேடுங்க.

கன்னங்குறிச்சி:
சார், கீச்சுக்குக் காரணம் வேகம். பிலிம் நொடிக்கு 24 சட்டம் (பிரேம்) ஓடும். டிவிக்காக 25ல ஓட்டிப் பதிஞ்சா 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடியும், சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவா ஏறும். விஎல்சி (கம்ப்யூட்டர்ல வீடியோ போடற பிளேயர்) இருந்தா அதுல வேகத்தை 0.96 ஆக்குங்க. அதோட ஆடியோ அமைப்புல ‘டைம் ஸ்ட்ரெட்சிங்’கை எடுத்துவிடணும், இல்லன்னா வேகம் மட்டும் குறையும், சுருதி இறங்காது. 25ன்னு காட்டற எல்லாப் பிரதியும் இப்படி இல்லை. கேமரா நகரும்போது நொடிக்கு ஒரு தடவை சின்னதா தடுக்குச்சுன்னா, வேகத்தைக் கூட்டாம நொடிக்கு ஒரு சட்டத்தை இரட்டிச்சு 25 ஆக்கியிருக்காங்க. அதுல வேகத்தைத் தொடாதீங்க.

இரைச்சலுக்கு ஈக்வலைசர்ல (ஒலியோட ஏற்ற இறக்கத்தைத் திருத்தற அமைப்பு) 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல 6 டெசிபல் குறைங்க. ரொம்பக் குறைச்சா ‘ச’, ‘ஸ’ மழுங்கி வசனமே போயிடும், பெரியவங்களுக்குப் புரியாது. சுத்தி ஸ்பீக்கர் வைக்கிற சரவுண்ட் வேண்டாம். மோனோ (ஒரே தட) ஒலிப்பதிவு, திரைக்குப் பக்கத்துல ஒரே ஸ்பீக்கர் போதும்.

திரையடி:
‘அலிபாபா’வுக்கு ஒண்ணு. அது கேவாகலர்ங்கிற வண்ணப் பிலிம்ல எடுத்தது. பழைய பிரதிகள்ல நீலப்பச்சைச் சாயம் முதல்ல வெளுக்கறதால படம் செம்மை தட்டும். புரொஜெக்டர்ல சிவப்பைக் கொஞ்சம் இறக்கலாம். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆக ஆரம்பிச்சா அதோட நிறுத்திடுங்க. டிவியில போடறதா இருந்தா ‘மோஷன் ஸ்மூத்திங்’கையும் (இடையில சட்டங்களைச் சேர்த்து அசைவை வழவழப்பாக்கற அமைப்பு) அணைச்சிடுங்க. அது இருந்தா கத்திச்சண்டை சீரியல் மாதிரி வழுக்கும்.