ஆம்ப்ளிஃபயர் டையோடு மாற்றும்போது பார்க்க வேண்டியவை – அனுபவப் பகிர்வு

பெரம்பூர் வயர்மேன்
ஆம்ப்ளிஃபயர் பவர் சப்ளையில் 24-0-24 (நடுவில் டேப் உள்ள), 5 ஆம்ப் டிரான்ஸ்பார்மர். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் நாலு 1என்5408 டையோடு. ஃபில்டர் கப்பாசிட்டரை ஒவ்வொரு ரெயிலுக்கும் (பிளஸ், மைனஸ் சப்ளை லைன்) 4700-லிருந்து 10000 மைக்ரோ ஃபேரடுக்கு ஏத்தியாச்சு. டையோடையும் மாத்தணுமா? ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா, "ஷாட்கி (வேகமா மூடும், டிராப் குறைந்த டையோடு) போடுங்க, சவுண்டு சுத்தமா வரும்"ங்கறாங்க.

வேளச்சேரி ஓம்
சவுண்டை அப்புறம் பார்ப்போம் சார், முதல்ல வோல்டேஜ். 24 வோல்ட் ஏசியின் உச்சம் 34. சென்டர் டேப்போடு பிரிட்ஜ் போட்டால், மூடியிருக்கிற டையோடு மேல் ரெண்டு ரெயிலும் சேர்ந்து ஏறும், அதாவது 68. லோடு இல்லாதப்போ டிரான்ஸ்பார்மர் பத்து சதவீதம் கூடுதலா கொடுக்கும். ராத்திரி லைன் 250-ஐத் தொட்டால் கணக்கு 80-ஐத் தாண்டிடும். 100 வோல்ட் ஷாட்கி அந்த விளிம்பில்தான் நிற்கும். சூடானால் அதில் லீக்கேஜ் (மூடியிருக்கும்போதும் கசியும் கரண்ட்) வேற ஏறும். 35-0-35 செட்டுன்னா கேட்கவே வேண்டாம், டையோடு மேல் ஏறுறதே 99 வோல்ட். குறைந்தது 200 வோல்ட் பீஸ் எடுங்க. 1என்5408 ஆயிரம் வோல்ட் தாங்கும், அந்தக் கவலை இல்லை.

அடுத்தது ஸ்விட்ச் போடும் நொடி. காலி கப்பாசிட்டர் கிட்டத்தட்ட ஷார்ட் மாதிரி. வைண்டிங்கும் வயரும் சேர்ந்து 0.3 ஓம்னு வெச்சுக்கிட்டால், 34-ஐ 0.3-ஆல் வகுக்க, 113 ஆம்ப். 5408-க்கு ஒரு அரைச் சுற்றுக்கு 200 ஆம்ப் வரை அனுமதி உண்டு, அதனால் 10000-க்குப் பிழைச்சுக்கும். அதே இடத்தில் 1என்4007 இருந்தால் அதன் வரம்பே 30 ஆம்ப்தான். கரண்ட் போய்ப் போய் வர்ற தெருவில் அது ரொம்ப நாள் தாங்காது. 22000-க்குப் போற எண்ணம் இருந்தால் இப்பவே கேபிபிசி3510 பிரிட்ஜ் ஒண்ணு வாங்கிடுங்க. 35 ஆம்ப், அரைச் சுற்று வரம்பு (சர்ஜ்) 400.

திருவான்மியூர் ஹம்
ஃபாஸ்ட் டையோடு பத்தி ஒரு வார்த்தை. சாதா டையோடு மூடும்போது ஒரு கணம் பின்பக்கமும் கடத்திவிட்டு, பட்டென்று நிற்கும். அந்த வெட்டு டிரான்ஸ்பார்மரின் லீக்கேஜ் இண்டக்டன்ஸைத் தட்டி, மணி அடிச்ச மாதிரி அதிரவைக்கும். யூஎஃப்5408, எம்யூஆர்860 மாதிரி பீஸ்கள் 100 நானோ நொடிக்குள் மூடிவிடும் என்பதால் தொந்தரவு குறையும். ஆனால் காசு அதற்குத்தான் போகணும் என்றில்லை. செகண்டரியின் ஒவ்வொரு பாதிக்கும் குறுக்கே, 0.1 மைக்ரோ ஃபேரடு 250 வோல்ட் பாலியெஸ்டர் கப்பாசிட்டரும் 10 ஓம் அரை வாட் ரெசிஸ்டரும் சீரிஸில் போட்டால் (இதுதான் ஸ்னப்பர்) சாதா பிரிட்ஜிலேயே பாதி வேலை முடியும். ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் கப்பாசிட்டர் வெச்சால் அதிர்வு அடங்காது, கீழ் ஃப்ரீக்வென்சிக்கு நகரும், அவ்வளவுதான்.

"ம்ம்ம்" என்ற ஹம் கேட்குதேன்னு டையோடு மாத்துறவங்க நிறைய. இன்புட்டை ஷார்ட் பண்ணியதும் அது நின்னுட்டால் கோளாறு கிரவுண்டிலோ ஷீல்டு வயரிலோ. டையோடு பாவம்.

ராயப்பேட்டை சால்டர்
முக்கியமானதை யாரும் சொல்லலையே. போர்டில் இருக்கிற எல்லா டையோடும் ஒரே வேலை செய்யறதில்லை. அவுட்புட் டிரான்சிஸ்டர் பக்கத்தில், ஹீட்சிங்கை ஒட்டி ரெண்டு மூணு 1என்4148 இருக்கும். அது அவுட்புட் டிரான்சிஸ்டரை லேசா திறந்து வைக்கும் பயாஸ் சங்கிலி, தயவுசெஞ்சு கை வைக்காதீங்க. ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 0.65 வோல்ட் தரணும், சூடு ஏறினால் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறையணும். அங்கே ஷாட்கி போட்டால் பயாஸ் விழுந்து, வால்யூம் குறைச்சலா வெச்சாலே குரல் கரகரக்கும். டிரை சால்டரால் (சரியா ஒட்டாத சால்டர்) ஒண்ணு ஓப்பன் ஆனாலோ, பயாஸ் முழுசா ஏறி அவுட்புட் ஜோடி ஒரே நிமிஷத்தில் வெந்துடும். பழசைக் கழற்றியே தீரணும்னா, புதுசைச் சால்டர் பண்ணி, மீட்டரில் சங்கிலியைச் சோதிச்ச பிறகுதான் பவர்.

இப்போ பொருத்துறது. 5408 காலின் தடிமன் சுமார் 1.2 மிமீ. 4007-க்குப் போட்ட ஓட்டையில் நுழையாது, 1.5 மிமீ பிட் வேணும். பாடியைப் போர்டில் அழுத்தி உட்கார வெக்காமல், ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிறுத்துங்க. பழைய அசெம்பிள்டு செட்டைத் திருப்பிப் பார்த்தால் டையோடுக்குக் கீழே போர்டு டீ கறை மாதிரி பழுப்பேறியிருக்கும். காரணம், ஒட்டி உட்கார்ந்த டையோடின் சூடுதான். கேபிபிசிக்கு நடுவில் ஓட்டை இருக்கும், ஹீட்சிங்க் பேஸ்ட் தடவிச் சேசிஸில் ஸ்க்ரூ போடணும். நாலு காலில் ஒண்ணு மட்டும் குறுக்கே திரும்பியிருக்கும், அதுதான் பிளஸ். அதற்கு எதிர் மூலை மைனஸ்.

வாங்கும்போது மீட்டரை டையோடு மோடில் வெச்சுப் பாருங்க: சாதா சிலிக்கான் 0.45-லிருந்து 0.6 வோல்ட், ஷாட்கி 0.2 பக்கம். பெரிய டையோடின் கால் காந்தத்தில் ஒட்டினால் அது இரும்புக்கால், சூட்டைச் சரியா கடத்தாது, விட்டுடுங்க. 4148-க்கு இந்தச் சோதனை செல்லாது, நல்லதே ஒட்டும்.

பெரம்பூர் வயர்மேன்
அப்போ 3510-ம், ஸ்னப்பரும். முதல் ஸ்விட்ச்?

ராயப்பேட்டை சால்டர்
மெயின்ஸ் லைனில் சீரிஸா ஒரு பல்பு வெச்சு. 100 வாட் குண்டு பல்பு, எல்இடி வேலைக்காகாது. பளிச்சென்று எரிஞ்சு மங்கணும். மங்கலைன்னா பிளக்கை எடுத்துட்டு, கப்பாசிட்டரை 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியா இறக்குங்க. அப்புறம் பிளஸ் காலை ஒரு தடவை பாருங்க, பத்துக்கு எட்டு அங்கேதான் வயர் மாறியிருக்கும்.