ஹோல்டிங் என்ட்ரி கேள்விகளில் தொடர்ந்து தவறுகிறேன்: உதவி வேண்டும்

வணக்கம். டெக்சாஸில் செஸ்னா 172 சிறு விமானத்தில் பயிற்சி எடுக்கிறேன். எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, அதற்கான எழுத்துத் தேர்வுக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. 60 கேள்வி, தேர்ச்சிக்கு 70 சதவீதம். ஆறு வாரமாகப் படிக்கிறேன். கடைசி மூன்று மாதிரித் தேர்வில் 68, 72, 70. வானிலை, விதிமுறைகள் எல்லாம் சரியாக வருகின்றன. மதிப்பெண் போவது ஹோல்டிங்கில்தான், அதாவது வானில் ஓரிடத்தில் நீள்வட்டமாகச் சுற்றிக் காத்திருப்பது. அந்தச் சுற்றுக்குள் நுழையும் முறைதான் என்ட்ரி; பேரலல், டைரக்ட் எல்லாம் அதன் வகைகள்.

நேற்றைய கேள்வி: ஒரு விஓஆரின் (தரையிலுள்ள ரேடியோ வழிகாட்டி நிலையம்) 090 ரேடியலில் (அதிலிருந்து கிழக்கே செல்லும் கோடு) ஹோல்ட், வலப்பக்கத் திருப்பம், 360 ஹெடிங்கில் (வடக்கு நோக்கி) வருகிறோம். நான் பேரலல் என்றேன், விடை டைரக்ட். ரேடியல் 090 என்றால் இன்பவுண்ட் (நிலையத்தை நோக்கி வரும் திசை) 270 என்று தெரியும். ஆனாலும் அவசரத்தில் 270-ஐயே அவுட்பவுண்டாக (விலகிச் செல்லும் திசையாக) எடுத்துவிடுகிறேன்.

டயலில் கட்டைவிரல் வைக்கும் முறை, 70 டிகிரிக் கோடு வரைவது, வீடியோக்கள் எல்லாம் பார்த்தாயிற்று. பயிற்றுநரும் இரண்டு முறை விளக்கினார். விமானத்தில் பிடிபடுகிறது, காகிதத்தில் தலைகீழாகிறது. அதுவும் இடப்பக்கத் திருப்பம் வந்துவிட்டால் இன்னும் மோசம்.

இந்தத் தேர்வு எழுதியவர்களே, தேர்வு அறையில் வெறும் காகிதமும் பென்சிலும் வைத்து என்ட்ரியை நீங்கள் எந்த வரிசையில் கண்டுபிடித்தீர்கள்?