புதுப்பிப்பு: மர்மக் கதைக்காரிக்கு மாயாஜாலக் கதை கொடுத்த கதை

கொலை, துப்பு என்றே படிக்கிற தோழிக்கு மாயாஜாலக் கதையில் எதை முதலில் கொடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, பாதிப் பேர் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் என்றீர்கள். அந்தப் புத்தகத்தின் தடிமனைப் பார்த்தே ஓடிவிடுவாள் என்று பயந்து, உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’யைக் கொடுத்தேன். சின்னப் புத்தகம். அதில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் மந்திரம் பலிக்கும். கெட் என்ற பையன் வீம்புக்கு அவிழ்த்துவிட்ட நிழல் அவனையே துரத்துகிறது, அதன் பெயர் என்ன என்பதுதான் கேள்வி. யோசித்தால் இதுவும் துப்பறிகிற வேலைதான்.

நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகிவிட்டு ஒரு வாரம் தொடவே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ்: “டேய், நிழல் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, நீ வாயைத் திறக்காதே!” சரியாகத்தான் பிடித்திருந்தாள்.

பதிலுக்கு என் கையில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. பேயா விஞ்ஞானமா என்று அதில் துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுகிறார்கள். நான் இப்போதைக்கு பேய்தான் என்கிற வசந்த் கட்சி, முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.