கலைச்சொல் தேவை: பாலப் பாடத்தில் ‘ஹேண்ட்ஸ்-ஆன் இன்ஸ்பெக்‌ஷன்’

உதகையிலிருந்து, பாலிடெக்னிக் விரிவுரையாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நெடுஞ்சாலைப் பாலங்களை வெவ்வேறு நாடுகள் எப்படிப் பரிசோதிக்கின்றன என்பது குறித்துப் பட்டயப் படிப்பு மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். தூண், தாங்கி, உத்தரம், அடித்தளம் ஆகியவற்றில் எனக்குச் சிக்கல் இல்லை. ஹேண்ட்ஸ்-ஆன் இன்ஸ்பெக்‌ஷன் என்னும் ஒரு தொடர்தான் வழிமறித்து நிற்கிறது.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். 1967 டிசம்பர் 15 அன்று ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் மாலை நெரிசலில் விழுந்து 46 பேர் இறந்தனர். அதுவரை அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான பாலப் பரிசோதனை விதி கிடையாது, 1971இல்தான் வந்தது. பொதுவாக 24 மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றது அவ்விதி. 1983இல் கனெக்டிகட் மாநிலத்தின் மையானஸ் ஆற்றுப் பாலத்தில், முளையிலும் தொங்குபட்டையிலும் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கண் (பாலத்தின் இரு தாங்கிடங்களுக்கு இடைப்பட்ட பகுதி) அப்படியே கழன்று விழுந்து மூவர் இறந்த பிறகு, ஓர் உறுப்பு முறிந்தாலே பாலம் விழக்கூடிய எஃகு உறுப்புகளைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் போதாது, அருகில் சென்றே பார்க்க வேண்டும் என்ற வற்புறுத்தல் வலுத்தது. அந்த அருகமைந்த பரிசோதனைக்குத்தான் இப்பெயர்.

பிரிட்டனில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பொதுப் பரிசோதனையைத் தள்ளி நின்றே செய்யலாம். ஆறாண்டுக்கு ஒருமுறை நடக்கும் முதன்மைப் பரிசோதனையில் எட்டக்கூடிய பகுதிகள் அனைத்தையும் தொடும் தொலைவில் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் டிஐஎன் 1076 தரநிலைப்படி ஆறாண்டுக்கு ஒரு முதன்மைப் பரிசோதனையும், அதற்கு மூன்றாண்டு கழித்து ஓர் எளிய பரிசோதனையும் உண்டு. ஜப்பானில் 2012இல் சசாகோ சுரங்கப்பாதையின் மேற்கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் இறந்ததையடுத்து, 2014 முதல் சாலைப் பாலங்கள் எல்லாவற்றையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நெருங்கிச் சென்று பார்ப்பது கட்டாயமாயிற்று.

நான்கு நாடுகளுக்கும் பொதுவான இந்தச் செயலுக்கு ‘கைதொடு ஆய்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

கோத்தகிரியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, வணக்கம்.

‘கைதொடு’ என்பதில் புணர்ச்சியே முதலில் உறுத்துகிறது. கைத்தறி, கைப்பிடி, கைத்தடி ஆகியவற்றில் வல்லினம் மிகுகிறது. கைகூப்பி, கைதொழுது, கைதட்டி ஆகியவற்றில் மிகவில்லை. முன்னவை பெயரோடு பெயர் சேர்ந்த தொகைகள், பின்னவை வினையாக நடப்பவை. உங்கள் சொல்லில் ‘தொடு’ வினையாக நிற்பதால் மிகாதது சரி என்று சிலர் வாதிடுவர். ஆனால் ‘கைதொடு’ முழுவதும் ‘ஆய்வு’க்கு அடையாகிப் பெயர்த்தன்மை பெற்றுவிட்ட பின்பு அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இரண்டாவதாக, தொடுதல் என்பதற்குத் தோண்டுதல் என்றும் பொருள் உண்டு. ‘தொட்டனைத்து ஊறும் மணற்கேணி’ என்ற குறளை மாணவர்கள் பள்ளியிலேயே படித்திருப்பார்கள். பாலத்தைத் தோண்டிப் பார்க்கும் ஆய்வு என்று ஒருவனேனும் எழுதினால் அவனைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் நான் சொல்ல விரும்புவது. ‘ஆய்வு’ என்ற சொல்லுக்குள்ளேயே கை இருக்கிறது. ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்’ ஆகிய நான்கும் உள்ளதன் நுணுக்கத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்கிறார். நம் வீடுகளில் கீரை ஆய்கிறோம். ஒவ்வொரு தண்டையும் கையில் எடுத்து, புரட்டி, அழுகலைக் கிள்ளி எறிகிறோம். எட்ட நின்று கீரை ஆய்ந்தவர் எவருமில்லை. ஆகவே நெருங்கிப் பார்ப்பதற்கு ‘ஆய்வு’ என்ற சொல் மட்டுமே போதும். தள்ளி நின்று பார்ப்பதற்குத்தான் வேறு சொல் வேண்டும். அதற்கு ‘நோட்டம்’ இருக்கிறது. பொன்னையும் காசையும் தரம் பார்த்தவர்களை நம் முன்னோர் நோட்டகாரர் என்றனர்.

கூடலூரிலிருந்து, நெடுஞ்சாலைத் துறையில் ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்

ஐயாவின் கீரை விளக்கம் அருமை. ஆனால் இன்றைய வழக்கில் நோட்டம் விடுபவன் திருடன். நோட்டம் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதும் சாலை ஆய்வாளரை மேலதிகாரி என்ன நினைப்பார்? ‘ஆய்வு’ என்ற சொல்லோ இன்று செய்தித்தாள்களில் மிகவும் மலிந்துவிட்டது. அமைச்சர் வந்து பாலத்தின் மேல் நின்று கைநீட்டிப் படம் எடுத்துக்கொண்டால் அதுவும் ஆய்வுதான். அந்தச் சொல்லிலிருந்து தொல்காப்பியர் கண்ட நுணுக்கத்தை மாணவன் தானாக எடுத்துக்கொள்வான் என்று நம்பிப் பாடம் எழுத முடியாது.

விரிவுரையாளர் அம்மாவின் சொல்லில் எனக்குள்ள தயக்கம் வேறு. ஹேண்ட்ஸ்-ஆன் என்பது பெயரளவில்தான் கை வைப்பது. அமெரிக்க விதி அதற்குத் தரும் வரையறை, உறுப்பிலிருந்து ஒரு கை நீளத் தொலைவுக்குள் இருந்து பார்ப்பது என்பதே. கண்ணால் பார்ப்பதே அடிப்படை, தேவைப்பட்டால் கருவிச் சோதனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. விதியின் உயிர் தொலைவில் இருக்கிறது. பரிசோதகர் அந்த இடத்துக்கு ஏணி வைத்தோ, சாரம் கட்டியோ, பாலத்துக்கு அடியில் கை நீட்டும் வாகனத்தில் ஏறியோ போயிருக்க வேண்டும் என்பதுதான் அது வற்புறுத்துவது. ஆகவே சொல்லும் அளவைக் காட்ட வேண்டும்: ‘கையெட்டு ஆய்வு’. போனபின் சுத்தியலால் தட்டிக் கேட்கலாம். கான்கிரீட் உள்ளே பிரிந்திருந்தால் வெற்றிடத்தைத் தட்டினாற்போல ஓசை வரும். தட்டிக் கேட்பது என்பதற்கு நம் மொழியில் இருக்கும் இன்னொரு பொருளும் இந்த வேலைக்குப் பொருந்தாமல் போகவில்லை.

நம் ஊரைப் பற்றியும் பாடக்குறிப்பில் ஒரு பத்தி வேண்டும் என்று வேண்டுகிறேன். இந்தியாவில், இந்தியச் சாலைப் பேரவையின் (ஐஆர்சி) எஸ்பி 35 என்ற வழிகாட்டி வழக்கமான, முதன்மை, சிறப்பு என்று பரிசோதனைகளைப் பிரிக்கிறது. மழைக்கு முன்பும் பின்பும் பார்ப்பது துறையின் நடைமுறை. ஆனால் நீலகிரியில் மழைக்கு முன் என்றால் எந்த மழைக்கு முன்? கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டுவதால் மே மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமே பெருமழை, அங்கே செப்டம்பருக்குள் பார்த்தால் போதும். 2009 நவம்பரில் அந்தச் சரிவுகளில் பெருமழையால் நேர்ந்த நிலச்சரிவுகளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

மேலும் நம் காட்டோடைப் பாலங்களுக்குத் தளத்தைவிட அடிக்கே ஆபத்து அதிகம். மலைவெள்ளம் உருட்டி வரும் கற்கள் தூணின் அடியைப் பறித்துவிடும். 1987 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹேரி ஓடைப் பாலம், வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்ததால் விழுந்து பத்துப் பேர் இறந்தனர். அதற்குப் பிறகே நீருக்கடிப் பரிசோதனை அங்கே விதிக்குள் வந்தது. பொதுவாக 60 மாதங்களுக்கு ஒருமுறை முக்குளிப்போரை இறக்கிப் பார்க்கிறார்கள். ஐயா சொன்ன ‘தோண்டுதல்’ பொருள் இந்த இடத்துக்கு வேண்டுமானால் பயன்படும்.

பந்தலூரிலிருந்து, கட்டுமான ஒப்பந்ததாரர்

‘ஹேண்ட்ஸ்-ஆன்’ என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். நேர்காணலில் அதைத்தான் கேட்பார்கள், டெண்டரிலும் அதுதான் இருக்கும். கையெட்டு என்று படித்துவிட்டுப் போகும் பிள்ளை அங்கே விழிக்கும்.

குன்னூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

பந்தலூர் அண்ணன் சொல்வதில் நடைமுறை நியாயம் உண்டு. ஆனால் அந்த ஒலிபெயர்ப்பைப் படிக்கும் மாணவன், பொறியாளர் ஐயா விளக்கியதற்கு நேர்மாறாக, கை வைப்பதே விதி என்றுதான் புரிந்துகொள்வான். மேலும் ஆங்கிலம் பேசும் பிரிட்டனே தன் விதியில் வேறு சொற்களைத்தான் வைத்திருக்கிறது. ஜெர்மானியர் ‘ஹாண்ட்நா’ என்கிறார்கள். கைக்கு அருகே என்பது அதன் பொருள், அதாவது கையெட்டுக்கு நெருங்கிய உறவு. ஜப்பானியரோ ‘கின்செட்சு மொகுஷி’ என்கிறார்கள். அதாவது நெருங்கிக் கண்ணால் பார்த்தல். கை அந்தச் சொல்லில் இல்லை, ஆனால் தேவைப்பட்டால் தொட்டும் தட்டியும் பார்க்கக்கூடிய தொலைவு என்று விளக்கத்தில் வந்துவிடுகிறது.

நான் ஜப்பானியர் பக்கம். 2019இல் அவர்கள் தம் வழிகாட்டியைத் திருத்தி, நெருங்கிப் பார்ப்பதற்கு இணையான தகவல் கிடைக்கும் என்றால் வேறு முறைகளையும் ஏற்கலாம் என்றார்கள். டிரோனுக்கு வழி திறந்தது அப்படித்தான். இங்கே குன்னூர் அருகே மரப்பாலம் என்னும் இடத்தின் பள்ளத்தாக்கில் ஒரு டிரோன் தாங்கியை நெருங்கிப் படம் எடுத்தால் அதில் யாருடைய கை எட்டியது? ‘அணுக்க ஆய்வு’ என்றால் ஆளுக்கும் பொருந்தும், கருவிக்கும் பொருந்தும்.

கை எட்டுவதன் மேல் நாம் வைக்கும் நம்பிக்கையும் மிகையானது என்பேன். சில்வர் பாலத்தில் விரிசல் இருந்தது கண்கோலின் (நுனியில் துளையுள்ள எஃகுக் கோல்) துளை ஓரத்தில், இணைப்புக்குள். இணைப்பைப் பிரிக்காமல் அதைக் கண்டுபிடிக்க அன்றிருந்த முறை எதனாலும் முடிந்திருக்காது என்றே விசாரணை முடிவு சொன்னது. 2018 ஆகஸ்டு 14 அன்று ஜெனோவாவில் 43 பேரைக் கொன்ற மொராண்டி பாலத்தின் சாய்கம்பிகள் கான்கிரீட் உறைக்குள் இருந்தன. உறையைத் தொடலாம், உள்ளிருக்கும் எஃகைத் தொட முடியாது.

கூடலூரிலிருந்து

அதனால்தான் நெருங்கிப் பார்த்துவிட்டால் போதும் என்று எவரும் சொல்லவில்லை, தம்பி. நெருங்காவிட்டால் துருவும் தெரியாது, எறும்பு ஊர்வதுபோன்ற மயிரிழை விரிசலும் தெரியாது, அடைபட்ட வடிகால் துளையும் தெரியாது என்பதே பேச்சு. ‘அணுக்கம்’ என்றால் எவ்வளவு? பத்தடியும் அணுக்கம்தான் என்பார் ஒரு சோம்பேறி. கையெட்டு என்றால் அப்படி நழுவ முடியாது.

கோத்தகிரியிலிருந்து

‘அணுக்கம்’ என்ற சொல் வந்ததே பெரும் மகிழ்ச்சி. தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் வாயில் உண்டு. மன்னருக்கு மிக நெருங்கியோரை அணுக்கர் என்றும் அணுக்கியார் என்றும் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அணுகுதல், அண்மை, அண்டை, அணை என்று ‘அண்’ என்னும் வேரிலிருந்து கிளைத்த குடும்பம் முழுவதையும் இங்கே எழுதலாம். ‘அணை’ என்பதற்குப் பாலம் என்ற பொருளும் பழைய வழக்கில் உண்டு என்பதால், அணையை அணுகி ஆய்வது என்பதில் ஒரே வேர் இருமுறை ஒலிக்கிறது. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

கூடலூரிலிருந்து

ஐயா, மன்னருக்கு அணுக்கராக இருந்தவர்கள் மன்னரின் குறையைப் பதிவேட்டில் எழுதியதாக எந்தக் கல்வெட்டிலும் நான் படித்ததில்லை.

உதகையிலிருந்து

அனைவருக்கும் நன்றி. இதுவரை வந்த மடல்களில் ‘கையெட்டு’ பக்கமே கூடுதல் பேர் சாய்ந்திருக்கிறார்கள். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஆகவே திங்களன்று ‘கையெட்டு ஆய்வு’ என்றே அச்சுக்குப் போகிறது. முதல்முறை வரும் இடத்தில் வரையறையை ஒரு வரியில் தந்து, ஹேண்ட்ஸ்-ஆன் என்பதையும் தமிழ் எழுத்தில் சேர்த்துவிடுகிறேன். பந்தலூர் ஐயாவின் கவலை அதில் தீரும். டிரோன் கொண்டு செய்வதை ‘அணுக்கப் படப்பதிவு’ என்று தனியே பிரித்திருக்கிறேன். நீலகிரியின் இரு மழைக்காலங்கள் பற்றிய பத்தியும் சேர்ந்துவிட்டது.

குன்னூரிலிருந்து

படப்பதிவையும் ஆய்வையும் பிரித்தது சரியே. பரிசோதனையின் பெயரில் கை இருக்கக் கூடாது என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது.

கோத்தகிரியிலிருந்து

அச்சுக்குப் போகுமுன் ஒரு சொல். ‘கையெட்டு ஆய்வு’ வினைத்தொகையாகவும் நில்லாது, ஏனெனில் எட்டுவது கை, ஆய்வு அன்று. மேலும் ‘ஆறாண்டுக்கு ஒருமுறை கையெட்டு ஆய்வு, ஈராண்டுக்கு ஒருமுறை பொது ஆய்வு’ என்ற வரியில் எண்களுக்கு நடுவே வரும் எட்டை மாணவர்கள் எண்ணாகவே படிப்பார்கள். ‘கைக்கெட்டுதொலைவு ஆய்வு’ என்றால் இரண்டு குற்றமும் நீங்கும். நீளம் என்று கூடலூர்ப் பொறியாளர் சொல்வார்; சொல்லட்டும். இப்பதிப்பில் முடியாவிட்டால் அடுத்த பதிப்பில் மாற்றுமாறு கேட்டு, என் மறுப்பைக் குழுவின் குறிப்பில் பதிந்துவைக்க வேண்டுகிறேன்.