பனி விழும் முன்பே போய்ப் பாருங்கள்: கனசாவா அனுபவம்

ஜப்பானுக்கு வருகிறவர்கள் பூ எப்போது பூக்கும், இலை எப்போது சிவக்கும், பனி எப்போது விழும் என்று கேட்கிறார்கள். அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்தது அந்த நாட்கள்தான். வேலைக்காக, ஜப்பான் கடலை ஒட்டிய கனசாவா நகரத்தில் இருக்கிறேன். இங்கே குளிர்காலம் பனியோடு தொடங்குவதில்லை. நவம்பர் 1 அன்று கென்ரோக்குயென் தோட்டத்தில், ஒரு பைன் மரத்தடியில் தொடங்குகிறது.

கராசாகி பைன் என்று அந்த மரத்துக்குப் பெயர். பிவா ஏரிக்கரையில் இருக்கும் கராசாகியிலிருந்து விதை தருவித்து இதை வளர்த்தவர், இந்த ஊரைத் தலைநகராக வைத்துக் காகா நாட்டை ஆண்ட மயேதா குடும்பத்தின் 13-ஆம் பிரபு நாரியாசு. கிளைகள் குளத்து நீருக்கு மேலே தாழ்ந்து நீண்டிருக்கும். மரத்துக்குள் ஐந்து உயரமான கம்பங்களை நடுகிறார்கள். கம்பத்தின் உச்சியில் ஏறி நிற்கும் தோட்டக்காரர் குரல் கொடுத்துவிட்டு, வைக்கோல் கயிற்றை ஒவ்வொன்றாகக் கீழே வீசுவார். கீழே நிற்பவர்கள் பிடித்து, கிளை பார்த்துக் கட்டுவார்கள். இந்த ஒரு மரத்துக்கு மட்டும் சுமார் 800 கயிறுகள். கட்டி முடித்ததும் விரித்த குடையின் கம்பிகளைப் போல மரத்தைச் சுற்றி இறங்கி நிற்கும். இதைத்தான் யுகிட்சுரி என்கிறார்கள். டிசம்பர் நடுப்பகுதி வரை மரம் மரமாக இந்த வேலை நடக்கும்.

ஏன் இவ்வளவு பாடு? சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. அது இந்தக் கரையில் பனியாகக் கொட்டுகிறது. ஹொக்கைடோவில் விழுவதுபோல மாவு மாதிரி உதிரும் பனி இல்லை. நீர் கோத்த கனமான பனி. ஓர் இரவு விழுந்தாலே நல்ல கிளை முறிந்துவிடும். காய்த்துக் குலுங்கும் ஆப்பிள் மரத்தின் கிளைகள் முறியாமல் இருக்க, நடுவில் கம்பம் நட்டுக் கயிற்றால் தாங்குவது தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். அதிலிருந்து வந்த முறை என்பதால் இந்தக் கட்டுக்கு ‘ஆப்பிள் தொங்கல்’ என்றே பெயர்.

பார்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த ஒரு பாட்டியம்மா பேச்சுக் கொடுத்தார். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வேலையைப் பார்க்க வருவாராம். “மதியச் சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே” என்று இந்த ஊர்ப் பழமொழியைச் சொன்னார். வானம் தெளிவாக இருந்த காலை அது, ஆனால் அவர் கையில் குடை இருந்தது. இனி இடி இடிக்கும், அது கேட்டால் கடலில் புரி மீன் வந்துவிட்டது என்று அர்த்தம் என்றார். கோடையில்தான் இடி என்று பழகிய நமக்கு, குளிர்காலத்தில் ஊரே இடியை எதிர்பார்த்துக் காத்திருப்பது புதுசு. அந்த இடிக்கு ‘புரியை எழுப்புவது’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், தோட்டத்தோடு திரும்பிவிடாதீர்கள். நகாமாச்சியில் பழைய சாமுராய் வீடுகள் இருக்கும் சந்துகளுக்கு டிசம்பர் தொடக்கத்தில் போங்கள். மண்சுவர்களின் மேல் வைக்கோல் பாய் தொங்கவிட்டிருப்பார்கள். சுவரில் ஊறிய ஈரம் உறைந்தால் மண் வெடித்து உதிரும். அதைத் தடுக்கத்தான் பாய்.

எனக்குப் பழைய நீர்வழிகள் மேல் தீராத ஆசை உண்டு. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1631-இல் பெரிய தீ விபத்தில் கனசாவா கோட்டையும் ஊரும் எரிந்தன. மறு வருடமே, மூன்றாம் பிரபு தோஷிட்சுனே காலத்தில், சாய் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் தட்சுமி கால்வாய் வெட்டினார்கள். பொறுப்பேற்றவர் இட்டாயா ஹெய்ஷிரோ என்று சொல்கிறார்கள். தோட்டத்துக்கும் கோட்டைக்கும் நடுவில் பள்ளம். குழாய் வழியே பள்ளத்தில் இறக்கி, எதிர்ப்பக்கம் கோட்டைக்குள் தண்ணீரை மேலேற்றினார்கள். மோட்டார் கிடையாது, உயர வித்தியாசம் ஒன்றுதான் பலம். இன்றைக்கும் கென்ரோக்குயெனில் ஒரு நீரூற்று அதே தத்துவத்தில் பீய்ச்சுகிறது, மேலே இருக்கும் கசுமிகா குளத்தின் அழுத்தத்தால். அதன் முன்னால் நின்று படம் எடுப்பவர்களைவிட, தோட்டத்தின் புகழ்பெற்ற கல் விளக்கின் முன்னால் நிற்பவர்களே அதிகம். எனக்கு அது வருத்தம்தான்.

ஹிரோசாகியிலிருந்து ஒரு மறுமொழி

அண்ணா, ஆப்பிள் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருக்கும் ஆவோமோரி மாநிலம் ஆப்பிளுக்குப் பேர்போனது. ஹிரோசாகி கோட்டைப் பூங்காவில் சுமார் 2,600 செர்ரி மரங்கள். ஏப்ரல் கடைசியில் அகழி முழுக்க இதழ் மிதந்து தண்ணீரே தெரியாது. அந்தக் கூட்டம் எல்லாருக்கும் தெரியும். பனி கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் வந்து பார்த்தால், ஏணி போட்டுக் கிளைகளை வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

செர்ரியை வெட்டுகிறவன் முட்டாள், பிளம் மரத்தை வெட்டாதவன் முட்டாள் என்று ஜப்பானில் பழமொழி உண்டு. செர்ரியில் வெட்டுவாய் அழுகி மரம் கெட்டுவிடும் என்ற பயம். இந்த ஊர்க்காரர்கள் ஆப்பிள் தோட்டத்தில் கற்ற கவாத்து முறையை செர்ரிக்குக் கொண்டுவந்தார்கள். வெட்டிய இடத்தில் மருந்து பூசி, உரம் போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். சொமெய் யொஷினோ வகை மரத்துக்கு ஆயுள் அறுபது, எண்பது வருடம் என்பார்கள். இங்கே நூறு தாண்டிய மரங்கள் முந்நூறுக்கும் மேல். 1882-இல் கிகுச்சி தாதே என்ற முன்னாள் சாமுராய் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் பூக்கிறது.

2015-இல் கோட்டையின் கற்சுவரைப் பழுது பார்க்க, சுமார் 400 டன் எடையுள்ள மூன்றடுக்குக் கோபுரத்தை அப்படியே நகர்த்தி வைத்தார்கள். ஊர்மக்களும் கயிறு பிடித்து இழுத்தார்கள். பிடித்தவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இன்றைக்கும் யார் வந்தாலும் முதலில் அந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்.

நகோயாவிலிருந்து இன்னொன்று

தண்ணீர், தீ என்று பேச்சு வந்ததால் ஷிரகாவாகோவைச் சொல்கிறேன். செங்குத்தான புல்கூரை வீடுகள் உள்ள மலைக்கிராமம், 1995 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பனி மூடிய படம்தான் எங்கும் இருக்கும். நான் போனது இலையுதிர்காலத்தில், தீயணைப்புப் பீச்சிகளைச் சோதிக்கும் நாளன்று. சைரன் ஊதியதும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் கூரைக்கு மேலே எழும்பியது. அண்ணா சொன்ன அதே சங்கதிதான்: மேட்டில் உள்ள தொட்டியிலிருந்து தன் பாரத்தாலேயே இறங்கி வரும் தண்ணீர்.

ஒரு கூரையை மாற்ற நூறு, இருநூறு பேர் ஒரே நாளில் கூடுவார்களாம். கூலி இல்லை, இன்று என் வீடு, நாளை உன் வீடு. பீச்சியை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம், தினமும் பயமாக இருக்காதா என்று கேட்டேன். புல்கூரைக்குக் கீழே வாழ்கிறவர்கள் நெருப்பை மறப்பதில்லை என்றார். தினமும் ஊரைச் சுற்றி வந்து எச்சரிக்கை சொல்லும் முறையும் அங்கே இருக்கிறது.

கனசாவாக்காரரின் பதில்

எப்போது வரலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: நவம்பர் 1 காலையிலேயே வந்துவிடுங்கள், கராசாகி பைனில்தான் வேலை ஆரம்பம். அந்த மாதம் வர முடியவில்லை என்றால் மார்ச் 15-ஐ ஒட்டி வாருங்கள், கயிறுகளை அவிழ்க்கத் தொடங்குவார்கள். குடை கொண்டு வாருங்கள்.