திருவல்லிக்கேணி வீட்டை டால்ஹவுஸாகச் செய்ய வேண்டும், 1:12 சரிவருமா?

திண்ணைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா வீடு திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் 20 அடி அகலம்தான், உள்ளே போகப் போக 80 அடி நீளும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, பின்கட்டில் கிணறு. கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மட்டக் கூரை. பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. தை பிறந்ததும் இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப் போகிறார்கள். எனக்கு வருத்தமா கோபமா என்று இன்னும் பிடிபடவில்லை, அது வேறு கதை.

அந்த வீட்டைச் சின்னதாகச் செய்து வைத்துக்கொள்ள ஆசை. யூடியூபில் தேடினால் சரிவுக் கூரை, புகைபோக்கி, பூப்போட்ட வால்பேப்பர் என்று எல்லாமே வெள்ளைக்காரன் வீடு. கொலுவுக்குப் பார்க் கட்டிய பழக்கம் உண்டு, அதற்குமேல் அனுபவம் இல்லை. இருப்பது நங்கநல்லூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்.

1:12 அளவில்தான் செய்ய வேண்டுமா? சுவருக்கு ஃபோம் போர்டா, எம்டிஎஃபா (மரநாரை அழுத்திச் செய்த பலகை)? அம்மாவின் பித்தளைச் சொப்பு ஒரு டப்பா நிறைய இருக்கிறது, அதை உள்ளே வைத்தால் பொருந்துமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் தச்சன்:

ஃபோம் போர்டா எம்டிஎஃபா என்பதை மாசியில் பேசிக்கொள்ளலாம் அம்மா. வீடு இன்னும் நிற்கிறது அல்லவா? முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஃபர்னிஷிங்கில் தச்சு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். இப்போது வீட்டில் சின்ன வீடுகள்தான் வேலை. 1:12 என்றால் நிஜத்தில் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். 7 அடி நிலைக்கு 7 அங்குலம், கணக்கே போட வேண்டாம். விண்ட்ஸர் கோட்டையில் இருக்கும் மேரி ராணியின் பொம்மை வீடும் இதே அளவுதான். புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸ்தான் அதையும் வடிவமைத்தார். 1924இல் முடிந்த வேலை, குழாயில் தண்ணீர்கூட வரும்.

ஆனால் உங்கள் வீட்டை முழுசாக 1:12இல் செய்தால் 20 அங்குல அகலம், 80 அங்குல நீளம், அதாவது 6 அடி 8 அங்குலம். அதை ஹாலில் வைத்துவிட்டு நீங்கள் பால்கனியில் படுக்க வேண்டியதுதான். 1:24 என்றால் 10க்கு 40 அங்குலம், சுவரோரம் அடங்கிவிடும். ஆனால் காப்பி டம்ளர் 4 மில்லிமீட்டர்கூட இருக்காது. அரிசியில் பெயர் எழுதுகிறவருக்குத்தான் அந்த வேலை லாயக்கு.

என்னைக் கேட்டால் முழு வீடு வேண்டாம். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் தார்ன் ரூம்ஸ் என்று 68 அறைகள் இருக்கின்றன. 1:12தான், ஆனால் வீடு என்று எதுவும் கிடையாது, ஒவ்வோர் அறையும் தனித்தனிப் பெட்டி. நீங்களும் முற்றத்தையும் அதை ஒட்டிய அடுக்களை வாசலையும் மட்டும் ஒரு பெட்டியாகச் செய்யுங்கள். முன்பக்கம் கண்ணாடி. கை பழகின பிறகு திண்ணைக்கு இன்னொரு பெட்டி.

இப்போது அளவு. போட்டோ மட்டும் எடுத்து வந்தால் போதாது. எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்து எடுங்கள். படியின் உயரம், ஜன்னல் கம்பிகளின் இடைவெளி, நிலையின் கனம், முற்றத்தின் பள்ளம் எல்லாம் வேண்டும். தூணை நூலால் சுற்றி, நூலை அளந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சுவர் கனம். 5 மி.மீ. ஃபோம் போர்டில் சுவர் வைத்தால் 1:12 கணக்கில் அது 6 சென்டிமீட்டர் சுவர். பழைய திருவல்லிக்கேணி வீட்டில் ஒன்றரை அடிச் சுவர் சாதாரணம். ஜன்னல் மாடத்தில் ஆள் உட்காரலாம், பிறையில் விளக்கு வைக்கலாம். அந்தக் கனம் வராவிட்டால் என்னதான் சாமான் அடுக்கினாலும் சினிமா செட் மாதிரிதான் தெரியும். இரண்டு அட்டைக்கு நடுவில் கட்டை கொடுத்து, உள்ளே வெற்றிடமாக விட்டு ஒன்றரை அங்குலச் சுவர் எழுப்புங்கள். ஒயரும் அதற்குள்ளேயே போய்விடும்.

இன்னொன்று. இடிக்கிறபோது தேக்கு உத்திரத்தை எல்லாம் பழைய மரக்கடைக்காரர் வண்டியில் ஏற்றிவிடுவார். அதற்கு முன் காண்டிராக்டரிடம் கேட்டு ஒரு முழம் வாங்கி வையுங்கள். நிலை, தூண், ஊஞ்சல் பலகைக்கு அதையே அறுத்துப் போடலாம். மணை, முக்காலி மாதிரிச் சின்னச் சாமானுக்குத் தேக்கு ஆகாது, ரேகை பெரிசு, பொம்மை அளவில் காட்டிக்கொடுத்துவிடும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மை கடைகிற வெட்பாலை மாதிரி இழை நெருங்கின மரம் வேண்டும்.

சொப்புக்காரி:

தச்சன் சார் சொன்னதற்கு மேல் சுவரைப் பற்றி நான் பேசப் போவதில்லை. சொப்பு என் இலாகா.

சொப்புச் சாமான் எதுவும் ஒரே அளவில் வராது. ஒரே செட்டில் இட்லிப் பானையைவிட அரிவாள்மணை பெரிசாக இருக்கும். குழந்தை விளையாடச் செய்தது, அதற்கு அளவு எதற்கு? ஆகவே டப்பாவைத் தரையில் கொட்டிப் பிரியுங்கள். பிரிக்க ஒரு ரூபாய் நாணயம் போதும். 22 மி.மீ. விட்டம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், 12ஆல் பெருக்கினால் 264 மி.மீ., அதாவது நாம் சாப்பிடுகிற தட்டு. நாணயத்தைத் தட்டாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பாத்திரத்தையும் பக்கத்தில் வைத்தால் எது பொருந்தும் என்று கண்ணே சொல்லிவிடும்.

பெரிசாகத் தெரிகிறதை எடுத்து ஒளித்து வைக்கவேண்டாம், வேறு உத்தியோகம் கொடுங்கள். 2 அங்குலக் குடம் குடமாக நின்றால் அபத்தம். அதையே கிணற்றடியில் வைத்தால் வெந்நீர் அண்டா. கால் அங்குலக் கிண்ணி உண்மையில் நெய்க்கிண்ணம்.

இல்லாததற்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதி. நவராத்திரிக்கு முன்னால் போனால் அம்மி, உரல், அடுப்பு எல்லாம் மண்ணில் கிடைக்கும், ஆனால் பையில் ஸ்கேல் இல்லாமல் போகாதீர்கள். நிஜ அம்மி ஒன்றரை அடி என்றால் உங்களுக்கு வேண்டியது ஒன்றரை அங்குலம். காப்பி டம்ளருக்குத் தையல் சாமான் கடையில் ஐலெட் (துணித் துளைக்குப் போடும் உலோக வளையம்) வாங்குங்கள், அடியில் ஒரு சின்னத் தகடு ஒட்டினால் முடிந்தது. கொடியில் புடவை உலர்த்த ஆசைப்பட்டால் பழைய மல் வேட்டியைக் கிழியுங்கள். 5.5 மீட்டர் புடவை 46 செ.மீ. ஆகிறது. துணி அந்த அளவில் தானாகத் தழையாது, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து நனைத்து, மடிப்பைக் கையால் வைத்துக் காயவிட வேண்டும்.

பூச்சிக்குப் பயந்து பெட்டிக்குள் அந்துருண்டை போடவே போடாதீர்கள். ஃபோம் போர்டின் நடுவில் இருக்கும் தெர்மகோல் இளகிப் போகும். வசம்பு போடுங்கள்.

ரிச்சி தெரு ரசிகன்:

லைட்டிங் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பட்டன் செல் வேண்டாம்க்கா, சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒவ்வொரு தடவையும் பெட்டியைக் கவிழ்க்க முடியாது. பழைய போன் சார்ஜர் போதும், 5 வோல்ட். வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுக்கும், மீதியை ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும். 100 ஓம் போட்டால் 20 மில்லி ஆம்ப், முழு வெளிச்சம். ஆனால் உங்கள் தாத்தா வீட்டு அடுக்களையில் அவ்வளவு வெளிச்சம் இருந்திருக்காது. அங்கே 1 கிலோ ஓம் போட்டு வார்ம் ஒயிட் வையுங்கள், புகை படிந்த பல்பு மாதிரி இருக்கும்.

முற்றத்துக்கு மேலே டிரேசிங் பேப்பர் இழுத்து ஒட்டி, அதற்கு மேல் கூல் ஒயிட் ஸ்ட்ரிப். வெயில் மேலிருந்து இறங்குகிற மாதிரி வரும். கூடத்தில் தனியாக விளக்கே வைக்காதீர்கள், முற்றத்து வெளிச்சமே போகட்டும். எந்த எல்இடியையும் பசை போட்டு மூடிவிடாதீர்கள், ஒருநாள் மாற்றியாக வேண்டும்.

திண்ணைக்காரி:

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை அண்ணன் பையனோடு அளக்கப் போகிறேன். டப்பாவையும் நேற்றே கொட்டிவிட்டேன். ஜோடித் தவலை இரண்டும் அண்டா உத்தியோகத்துக்குப் போய்விட்டன.

தச்சன் சார், இரண்டு சந்தேகம். கிணறு பின்கட்டில் இருக்கிறது, ஆனால் எனக்கு அது இல்லாமல் முடியாது. முற்றத்துப் பெட்டியிலேயே சேர்த்துவிட்டால் பொய்யாகிவிடுமா? அப்புறம் இந்த ஊர் ஈரத்துக்கு எம்டிஎஃப் தாங்குமா?

பெரம்பூர் தச்சன்:

கிணற்றை முற்றத்துக்கு இழுக்காதீர்கள். அடுக்களை வாசலுக்கு நேரே பின்கதவைத் திறந்து வைத்து, அதற்கு அப்பால் ஒரு 4 அங்குலம் ஆழம் சேருங்கள். கதவு வழியாகப் பாதிக் கிணறு தெரிந்தால் போதும், மீதியைப் பார்க்கிறவரே கட்டிக்கொள்வார். பெட்டியின் அடியை 2 அங்குலம் தூக்கிக் கட்டி, கிணற்று வட்டத்துக்குத் துளை போட்டு, உள்சுவருக்குக் கறுப்பு அடித்து, அடியில் வட்டக் கண்ணாடி ஒன்று வையுங்கள். எட்டிப் பார்த்தால் ஆழம் இரண்டு மடங்காகத் தெரியும்.

எம்டிஎஃப் தாங்கும், ஆனால் அறுத்த ஓரம்தான் தண்ணீரைக் குடித்து உப்பும். ஓரத்துக்கு முதலில் பிரைமர் கொடுங்கள். ஃபோம் போர்டானாலும் சரி, ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தால் வளைந்துகொள்ளும், இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஃபெவிகால் காய ஒரு ராத்திரி கூடுதலாக விடுங்கள்.

சனிக்கிழமை போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். காலி பண்ணின வீட்டில் கரண்ட்டைத் துண்டித்திருப்பார்கள், ரேழியில் பகலிலேயே டேப்பின் எண் தெரியாது.